நாலு பிளக், மூணு கையெழுத்து

ஸ்பார்க் பிளக் வாங்கும்போது மட்டும் அவசரப்படக்கூடாது, மேடம்.

உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், கிரீஸ் ஒட்டும். இது சுத்தமானது, காலையில்தான் துடைத்தேன். 'என்ன நடந்ததுன்னு உங்க வாயால சொல்லுங்க, ரெண்டு பக்கம் வந்தா போதும், ஃபைலை மூடிடலாம்' என்றீர்கள். தாராளமாக. ஆனால் என் வாயால் என்றால் கதை பிளக்கில்தான் ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காருக்கு பிளக் போடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். வண்டி நின்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆகாயத்தில் ஓரம் கிடையாது. அதனால்தான் எங்கள் சின்ன விமானங்களில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். மேலே ஒன்று, கீழே ஒன்று. நாலு சிலிண்டருக்கு எட்டு. அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க இடது, வலது என்று இரண்டு மேக்னெட்டோ. ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று இழுத்துக்கொண்டு வந்து வீடு சேர்க்கும். நல்ல குடும்பம் மாதிரி.

பிளக்கில் சூட்டு ரகம் உண்டு, குளிர் ரகம் உண்டு. ஆளை மாற்றிச் சேர்த்தால் ஆபத்து. கொதிக்கிற என்ஜினுக்குச் சூட்டு ரகத்தைக் கொடுத்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். மந்தமாக ஓடுகிற என்ஜினுக்குக் குளிர் ரகத்தைக் கொடுத்தால் பெட்ரோலில் இருக்கிற ஈயம் கட்டிகட்டியாகப் படிந்து வாயை அடைத்துவிடும். கேட்லாகைப் பார்க்க வேண்டும், என்ஜினில் பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு தவறான பிளக் நான் போட்டதில்லை. தெரியாமல், என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கை இந்தக் கேட்லாக் பார்க்கிற ரகம் இல்லை. ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், எங்கள் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளரைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் அவர் கேப்டன். எனக்கு மாப்பிள்ளை.

நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு அவர் விமானம் நிறுத்துகிற இந்த ஹேங்கருக்குள் நுழைந்தால் மாணவர்கள் முகத்தில் பல்ப் எரியும். எனக்கு வாஷர் என்று பெயர் வைத்தவரும் அவரே. பிளக்கைக் கழற்றினால் அதன் செம்பு வாஷரையும் தூக்கிப்போட வேண்டும், மேடம். ஒரு தடவை நசுங்கிய வாஷர் இறுகிவிடும், மறுபடி சரியாக உட்காராது. மாட்டும்போது புதுசு. இதை நான் நாலு பேரிடம் நாலு தடவை சொல்லியிருப்பேன். அதற்கு ஒரு பெயர் வைப்பார்களா. வைத்தார். கிளப் வாசலில் காவல் இருக்கிறவர்கூட 'குட்மார்னிங் வாஷர் சார்' என்பார். சார் போடுகிறாரே என்று நான் சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது முக்கியமான விதிக்கு வருகிறேன்.

கீழே விழுந்த பிளக்கை மறுபடி போடக்கூடாது. மேஜை உயரத்திலிருந்து விழுந்தாலும் சரி, புத்தம்புதுசானாலும் சரி. உள்ளே இருக்கும் பீங்கானில் தலைமுடி அளவு கீறல் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வெளியே வைத்துப் பார்த்தால் பளிச்சென்று பொறி விடும். சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறியதும் ஊமையாகிவிடும். அதனால் விழுந்ததை அப்போதே சுத்தியலால் ஒரு போடு போட்டு வளைத்துவிடுவோம். யாரும் பாவம் பார்த்து எடுத்து மாட்டிவிடக்கூடாது, அதற்காக. எங்கள் தொழிலில் இதற்கு விசாரணையே கிடையாது.

ஒரு நாள் மாப்பிள்ளை ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். நான் சுத்தம் செய்து, இடைவெளியை அளந்து, தட்டில் எண் வாரியாக எட்டையும் நிறுத்தியிருந்தேன். அவர் ஒற்றை விரலால் மூன்றாம் எண்ணைத் தள்ளினார். தரையில் விழுந்து உருண்டது. எடுத்தார், சட்டையில் துடைத்தார், திரும்பவும் அதன் குழியில் நிறுத்தினார்.

"பாருங்க மச்சான். அழவே இல்ல."

"மாப்பிள்ளை, உள்ள கீறல் விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் பயந்தா நான் உங்க தங்கச்சியக் கட்டியிருப்பேனா?"

ஒன்பது பேரும் சிரித்தார்கள். நான் சுத்தியலை எடுத்தேன்.

"பசங்களா, தள்ளி நில்லுங்க. யாராவது வழுக்கி விழுந்து தொலைச்சீங்கன்னா வாஷர் உங்க மண்டையிலயும் ஒரு போடு போட்டுடுவார்."

மறுபடி சிரிப்பு. அன்று நான் அந்த பிளக்கை அடிக்கவில்லை. ஒரு பிஸ்கட் டின் இருந்தது, அதில் போட்டு மூடினேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. பிறகு விழுந்ததையெல்லாம் அதிலேயே போட ஆரம்பித்தேன். ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

பிளக் சரியாக இருக்கிறதா என்று விமானி கடைசியாக ஒரு தடவை பார்ப்பார். ஓடுபாதைக்கு முன்னால் மஞ்சள் கோடு இருக்கிறதே, அங்கே நிறுத்தி என்ஜினை ஓரளவு வேகமாக ஓட்ட வேண்டும். சாவியைத் திருப்பி ஒரு மேக்னெட்டோவில் மட்டும் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். பிறகு அடுத்ததில். இரண்டு தடவையும் சத்தம் லேசாக இறங்கி ஏறும். அதிகமாக இறங்கினால், அல்லது என்ஜின் இருமினால், பிளக்கில் கோளாறு. திரும்பி வந்துவிட வேண்டும். மொத்தம் பத்து விநாடி வேலை. என் மேஜையிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், யார் செய்கிறார், யார் செய்யவில்லை என்று.

மாப்பிள்ளை மாணவர்கள் உடன் இருந்தால் செய்வார். 'இதை மறந்தா உங்கள நானே கீழ தள்ளிடுவேன்' என்று அவர்களை மிரட்டவும் செய்வார். தனியாகப் போகும்போது மஞ்சள் கோட்டில் நிற்கவே மாட்டார். மூன்று வருஷம் கேட்டேன், மேடம். நோட்டில் குறித்திருக்கிறேன். தனியாகப் போனது நூற்றுப் பதினெட்டு தடவை. சத்தம் இறங்கி ஏறியது ஒரு தடவைகூட இல்லை.

எழுதிக் கொடுத்தேன். கிளப்பில் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் யார் தெரியுமா? அவரேதான். என் கடிதம் முறைப்படி பதிவாகி, முறைப்படி அவர் மேஜைக்கே போனது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அதை முழுசாகப் படித்தார், என் குரலிலேயே. நன்றாக நடிப்பார். பிறகு 'இந்த ஆண்டின் மிகக் கவனமான ஊழியர்' என்று அறிவித்து, சிவப்பு ரிப்பனில் ஒரு செம்பு வாஷரைக் கோத்து என் கழுத்தில் போட்டார். புது வாஷர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். முன்வரிசையில் என் தங்கை கைதட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கூட்டம் முடியும்வரை நான் அதைக் கழற்றவில்லை. பாதியில் கழற்றினால் மரியாதையாக இருக்காது.

அன்று வீட்டுக்குப் போய் அமைதியாக யோசித்தேன். கோபம் இல்லை. கோபத்தில் செய்கிற வேலை எதுவும் அளவாக இருக்காது. பாடம் நடத்துகிறவரை யாராவது பரீட்சை செய்ய வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. மாணவர்களுக்கு மாதம் ஒரு தேர்வு வைக்கிறார். அவருக்கு யார் வைப்பது?

டின்னைத் திறந்து எண்ணினேன். இருபத்து மூன்று. இங்கேதான் நான் முதலில் சொன்னது வருகிறது, அவசரப்படக்கூடாது என்று. அழுத்தச் சோதனைக் கருவியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன், ஒரு வாரம். சில பிளக்குகள் எடுத்த எடுப்பிலேயே செத்துப்போயின. அவற்றைப் போட்டால் என்ஜின் கிளம்பும்போதே முனகும், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அது பரீட்சை ஆகாது. சில எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் அசரவில்லை. அவையும் பயனில்லை. மிதமான அழுத்தத்தில் தட்டுத் தடுமாறி, முழு அழுத்தத்தில் வாய் மூடுகிற பிளக்தான் எனக்கு வேண்டும். சேர்ந்து ஓடும்போது ஒன்றின் குறையை மற்றது மறைக்கும். சாவியைத் திருப்பித் தனித்தனியாகக் கேட்டால் மட்டும் என்ஜின் இருமும். கேட்கிறவன் பிழைப்பான். நியாயமான கேள்வித்தாள். அப்படி நாலு தேறியது.

அந்த நாலையும் நன்றாகச் சுத்தம் செய்தேன். கம்பி அளவியால் இடைவெளி பார்த்தேன். மரையில் வழுவழுப்புப் பசை ஒரு சொட்டு, முனையில் படாமல். புது வாஷர். இரண்டாம் சிலிண்டரில் இரண்டு, நாலாம் சிலிண்டரில் இரண்டு. டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். அதைவிடச் சுத்தமாக பிளக் மாட்டியிருக்க முடியாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

மறைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் அன்றைய தேதி போட்டு, மூன்றாவது வரியில் தெளிவாக எழுதினேன். 'இரண்டு, நாலு சிலிண்டர்கள்: கீழே விழுந்த பிளக் நான்கு பொருத்தப்பட்டன. பறக்குமுன் மேக்னெட்டோ சோதனை கட்டாயம்.' கையெழுத்துப் போட்டேன். அது முதல் கையெழுத்து.

இரண்டாவது எங்கள் பரிசோதகர் போட வேண்டும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாருடனோ டைல்ஸ் கலர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க சார்."

"வாஷர் எழுதினதுல படிக்க என்ன இருக்கு? ஒரு நிமிஷம்மா... இல்ல, பாத்ரூமுக்கு நீலம் வேணாம்... எங்க போடணும், இங்கயா?"

போட்டார்.

மூன்றாவது விமானி. வியாழக்கிழமை காலைகளில் மாப்பிள்ளை தனியாக ஒரு சுற்றுப் போவார், அது அவருக்கு நடைப்பயிற்சி மாதிரி. பதிவேட்டை நீட்டினேன்.

"மூணாவது வரி கொஞ்சம் பாருங்க மாப்பிள்ளை."

"மச்சான், உங்க கையெழுத்த டாக்டரே படிக்க முடியாது. நான் எங்க படிக்கிறது?"

இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், மேடம். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நீங்களே பார்த்தீர்களே. அவர் காற்றில் எழுதுவதுபோல ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டுப் போனார். ஆக, நான் செய்யப் போவதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டேன். மூன்று கையெழுத்துடன். இதைவிட வெளிப்படையாக ஒருவன் எப்படி இருக்க முடியும்?

அப்போதுதான் என் தங்கை வந்தாள். மஞ்சள் துப்பட்டா, தலைக்கு மேல் ஏற்றிய கறுப்புக் கண்ணாடி. கல்யாணமாகி அன்றோடு ஏழு வருஷமாம்.

"அண்ணா, இன்னிக்கு நானும் போறேன். ஒரு சுத்துக் காட்டறேன்னு ஏழு வருஷமா ஏமாத்திட்டு இருக்கார். இன்னிக்கு மாட்டிக்கிட்டார்."

"நாளைக்குப் போயேன்மா."

"நாளைக்கு என்ன, பெட்ரோல் வேற நாத்தம் அடிக்குமா? போண்ணா."

நாளைக்குப் போ என்று சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்ன சொல்வது? காரணம் கேட்பாள். காரணம் சொன்னால் அவர் காதில் விழும். பரீட்சை நடக்கும்போது மேற்பார்வையாளரே விடையைச் சொல்லிவிட்டால் அப்புறம் அது என்ன பரீட்சை? தவிர, மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இன்றைக்காவது சோதனை செய்வார் என்று எனக்குத் தோன்றியது. நூற்றுப் பதினெட்டு தடவை செய்யவில்லை என்பதற்காக நூற்றுப் பத்தொன்பதாவது தடவையும் செய்யமாட்டார் என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. எனக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை உண்டு.

கதவைச் சாத்துவதற்கு நான்தான் உதவினேன். அவள் உள்ளிருந்து கையாட்டினாள்.

மஞ்சள் கோட்டை நிற்காமல் கடந்தார்கள்.

என் கையெல்லாம் எண்ணெய். துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன், நகக்கண் வரை. எங்கள் ஓடுபாதையில் மறுமுனை வரைக்கும் ஊர்ந்துபோய்த் திரும்பித்தான் கிளம்ப வேண்டும், மூன்று நிமிஷம் ஆகும். பிறகு முழு வேகத்தில் வந்தார்கள். என் தலைக்கு மேலே போகும்போது சத்தம் நன்றாகவே இருந்தது. வேலிக்கு அப்பால் முந்நூறு அடி உயரத்தில் பிளக் சூடேறியது. இரண்டாம் சிலிண்டர் முதலில் நின்றது. நாலு விநாடி கழித்து நாலாவது. நான் நினைத்த அதே வரிசை. பாதி என்ஜினோடு அவர் ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்தார். அந்த உயரத்தில் திரும்பக்கூடாது, நேராக இறக்க வேண்டும் என்று அவரே வகுப்பில் சொல்வார். இறக்கை சாய்ந்தது. அப்புறம் தெரியும் உங்களுக்கு.

மாப்பிள்ளை அங்கேயே முடிந்துவிட்டார். தங்கைக்கு இடுப்பெலும்பும் இடது காலும் முறிந்தன. உள்ளே ரத்தக்கசிவு. பிழைத்துவிட்டாள்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஆரஞ்சு உரித்துக் கொடுப்பேன். முதல் வாரம் சுளைகளை வாங்கி அப்படியே தட்டில் வைத்துவிடுவாள். பிறகு ஒரு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்னாலதாண்ணா. தொணதொணன்னு பேசிட்டே வந்தேன். அந்தக் கோட்டுக்கிட்ட அவர் மெதுவாக்கினார். நான்தான் போலாம், போலாம்னேன். அதுல செக் பண்ண மறந்துட்டார். நான் வராம இருந்திருந்தா அவர் இருந்திருப்பார்."

"விடும்மா. யாரும் வேணும்னு செய்யறதில்ல" என்றேன்.

மெதுவாக்கினாராம். அது எனக்குப் புதுத் தகவல். நோட்டில் குறித்துக்கொண்டேன். இப்போதும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாத்திரை கொடுத்தால் துப்பிவிடுகிறாளாம், நர்ஸ் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அவள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தானே செய்கிறது.

உங்களுக்கு முன்னால் வந்த விசாரணைக் குழு பதினாறு நாள் இங்கே இருந்தது. நல்லவர்கள். அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? விமானியின் கவனக்குறைவு. பயணியின் பேச்சால் கவனச்சிதறல். கடைசியாக, 'பராமரிப்புப் பதிவுகள் முன்மாதிரியாக உள்ளன.' அதோடு விடவில்லை. அந்தப் பக்கத்தையே நகல் எடுத்து, பதிவேடு எழுதுவது எப்படி என்பதற்கு மாதிரியாக மற்ற கிளப்புகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். எங்கள் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறது, வெளியே போகும்போது பாருங்கள். நாலு மாதமாக ஒட்டியிருக்கிறது. நாற்பது பேர் தினமும் கடந்து போகிறார்கள். மூன்றாவது வரியை இன்னும் ஒருவரும் படிக்கவில்லை.

அதனால்தான் நீங்கள் கேட்டதும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தங்கைக்காக அல்ல. அவள் காலப்போக்கில் தேறிவிடுவாள். ஒரு பதிவேடு எழுதப்படுவது படிப்பதற்குத்தானே, மேடம்.

அது என்ன காகிதம்? கொடுங்கள். ஆம்புலன்ஸ் அலுவலகத்தின் அழைப்புப் பட்டியலா.

பத்து பன்னிரண்டுக்கு ஒரு அழைப்பு. ஆமாம், இது எங்கள் ஹேங்கர் போன் நம்பர். விமானம் விழுந்தது பத்து பதினாறுக்கு. அவர்களுடைய கடிகாரம் தவறா என்று கேட்கிறீர்கள். இல்லை, சரியாகத்தான் இருக்கிறது.

நான் கையைத் துடைத்தேன் என்று சொன்னேனே, அது போன் செய்வதற்காகத்தான். என் மேஜைக்குப் பின்னால் சுவரில் ரேடியோவும் போனும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. ஒரு சாண் தூரம்கூட இருக்காது. ரேடியோவில் 'மாப்பிள்ளை, நிறுத்துங்க' என்றால் போதும், கேட்டிருக்கும், அவர்கள் தரையில்தான் இருந்தார்கள். நான் போனை எடுத்தேன். எதிர்முனையில் ஒரு பெண். விலாசம் கேட்டாள், வழி கேட்டாள், பொறுமையாகச் சொன்னேன். எத்தனை பேருக்கு அடி என்று கேட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓடுபாதையின் கோடியில் விமானம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவருடைய தோளுக்குப் பக்கத்தில் மஞ்சளாக அவள் துப்பட்டா தெரிந்தது.

"ரெண்டு பேர்" என்றேன்.

பத்து நிமிஷம் தாமதித்து வந்திருந்தால் அவள் பிழைத்திருக்கமாட்டாள் என்று டாக்டரே சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அன்று காலை அந்த மைதானத்தில் என் தங்கையின் உயிரைப் பற்றி யோசித்த ஒரே ஆள் நான்தான்.